ரைன் கரை ஊர்களுக்கு ரயில், படகு, ஃபெர்ரி: காரும் வேண்டாம், பேக்கேஜும் வேண்டாம்

வேலை விஷயமாக பிராங்ஃபர்ட் வருகிறவர்கள், பிள்ளைகளோடு ஒரு மாதம் தங்கிவிட்டுப் போக ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் என்று எல்லோருமே இங்கே வந்ததும் கேட்பது ஒன்றுதான். ரெண்டு நாள் கையில் இருக்கிறது, பக்கத்தில் எங்கே போகலாம்? நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ரைன் நதி. பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே மலையைக் குடைந்துகொண்டு ஓடுகிறதே, அந்த 65 கிலோமீட்டர். 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம், நிமிர்ந்து பார்த்தால் கோட்டை, கோட்டைக்குக் கீழே ஒரு சிற்றூர். அந்த ஊர்கள் பெரும்பாலானவற்றில் ரயில் நிலையம் இருக்கிறது, படகுத்துறையும் இருக்கிறது. அதனால்தான் இங்கே கார் தேவையில்லை என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பேக்கேஜ் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் பேருந்தில் ஏற்றிச் சாயங்காலம் இறக்கிவிடும் ஒரு சுற்றுலாவில் வீட்டுப் பெரியவர்களோடு போயிருக்கிறேன். ரூடஸ்ஹைமில் கடைத்தெரு, கூட்டமான ஒரு உணவகத்தில் சாப்பாடு, படகில் கொஞ்ச தூரம், பிறகு ஒயின் ருசி பார்க்க ஒரு கடை, அவ்வளவுதான். படகு பாகராக்கைத் தாண்டும்போது அம்மா அந்த ஊரைக் காட்டி இங்கே இறங்க முடியாதா என்று கேட்டார். முடியாது, பேருந்து வேறு இடத்தில் நிற்கிறது. அதே பாதையை நாமே போனால் செலவும் குறைவு, பிடித்த ஊரில் பிடித்த நேரம்வரை உட்கார்ந்திருக்கலாம்.

ரயிலைப் பற்றி. நதியின் இரண்டு கரையிலும் தண்டவாளம் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடது கரைப் பாதைதான் வசதி: மைன்ஸ், பிங்கன், பாகராக், ஓபர்வேசல், சாங்க்ட் கோவார், போப்பார்ட், கோப்லென்ஸ். இதில் எல்லா ஊரிலும் நின்று போகும் வண்டி ஆர்பி 26. பிராங்ஃபர்ட்டிலிருந்தோ விமான நிலையத்தின் வட்டார ரயில் நிலையத்திலிருந்தோ ஆர்இ 2 பிடித்து, மைன்ஸில் அல்லது பிங்கனில் ஆர்பி 26-க்கு மாறிக்கொண்டால் போதும். கோப்லென்ஸ் நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், நதி அந்தப் பக்கம்தான். பிங்கனில் இரண்டு நிலையங்கள் உண்டு, பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம். படகு ஏறுவதாக இருந்தால் பிங்கன் ஸ்டாட்டில் இறங்குங்கள், ஹாப்ட்பான்ஹோஃப் எனும் முதன்மை நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது.

வண்டி தாமதமாவதும் ரத்தாவதும் ஜெர்மனியில் இப்போது சகஜம். இதை மறைத்து ரயிலைப் புகழ்வதில் அர்த்தமில்லை. ஆனால் இந்தப் பாதையில் அடுத்த வண்டி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், காத்திருக்கும் இடமும் நதிக்கரை, அதனால் பெரிதாக வலிக்காது. திரும்பும் நாளில் விமானம் இருந்தால் மட்டும் இரண்டு வண்டி முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.

டிக்கெட்டில்தான் பலரும் காசை விடுகிறார்கள். ஜெர்மனியிலேயே மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச்சீட்டு இருந்தால் ரயில் செலவு தனியாகக் கிடையாது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58 ஆகி, 2026-இல் 63 ஆகிவிட்டது, ஆனாலும் லாபம்தான். ரயில்களில் வட்டார வண்டிகளில் மட்டும் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் செல்லாது. அது சந்தா முறை, தானாக நீண்டுகொண்டே போகும். அந்த மாதத்தோடு நிறுத்தவேண்டுமானால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யவேண்டும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் அந்தத் தேதியைக் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே ஒரு நாள் சுற்றுவதானால் இந்த மாநிலத்தின் ஒரு நாள் டிக்கெட்டான ரைன்லாண்ட் ஃபால்ட்ஸ் டிக்கெட் நல்ல கணக்கு. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர்வரை போகலாம், ஆள் கூடக் கூட தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிராங்ஃபர்ட் வேறு மாநிலம் என்பதால் மைன்ஸ்வரை தனி டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கும். இன்னொன்று, தங்கும் விடுதியில் விருந்தினர் டிக்கெட் தருவார்களா என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் சில விடுதிகள் தங்கும் நாட்களுக்கு உள்ளூர் ரயிலும் பேருந்தும் இலவசமாகப் போகும்படி ஒன்று தருகின்றன, கேட்டால்தான் சில இடத்தில் ஞாபகம் வரும்.

சரி, இப்போது படகு. இதைத்தான் விட்டுவிடாதீர்கள் என்பேன். ரயிலிலேயே நதி தெரிகிறதே, படகுக்கு எதற்குத் தனியாகக் காசு என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். ஓபர்வேசலுக்கும் சாங்க்ட் கோவாருக்கும் நடுவேதான் நதி மிகக் குறுகி, சுமார் 145 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கி, லோரலைப் பாறையைச் சுற்றி வளைகிறது. ரயிலோ சரியாக அந்த இடத்தில் வரிசையாகச் சுரங்கங்களுக்குள் போய்விடும். நதியிலிருந்து 132 மீட்டர் உயரம் நிற்கும் பாறை எதிர்க்கரையில் இருக்க, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இருட்டும் வெளிச்சமும் மாறி மாறித் தெரியும். மொத்தப் பள்ளத்தாக்கிலும் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

கால அட்டவணைப்படி ஊர் ஊராக நின்று போகும் படகுகளைப் பெரும்பாலும் நடத்துவது கேடி நிறுவனம். 1826-இல் தொடங்கிய கப்பல் நிறுவனம் இது. வசந்த காலத்திலிருந்து அக்டோபர்வரை ஓடும். கோப்லென்ஸ் முதல் ரூடஸ்ஹைம் வரை முழுப் பாதைக்கும் எடுக்காதீர்கள், நேரமும் காசும் வீண். பாகராக்கிலிருந்து சாங்க்ட் கோவார்வரை மட்டும் எடுங்கள். நீரோட்டத்தோடு போகும்போது முக்கால் மணி நேரம் போல ஆகும். அதே தூரத்தை எதிர்த்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போது படகு, வரும்போது ரயில், இந்த வரிசையை மாற்றவேண்டாம். அட்டவணையில் 'கோத்தே' என்ற கப்பல் இருந்தால் அதையே பிடியுங்கள். 1913-இல் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல், இப்போது டீசலில் ஓடினாலும் சக்கரம் இன்னும் தண்ணீரை அடித்துக்கொண்டுதான் போகிறது.

மேல்தளத்தில் உட்கார்ந்தால் கரையில் எண் எழுதிய பலகைகள் தெரியும். அவை நதியின் மேற்பகுதியில் உள்ள கோன்ஸ்டான்ஸ் ஊர்ப் பாலத்திலிருந்து நதிவழி கிலோமீட்டர் கணக்கு. பிங்கன் பக்கம் 528, லோரலை 554, கோப்லென்ஸ் முனையில் 592. கூட வரும் பிள்ளைகளிடம் 554 வரும்போது கத்து என்று சொல்லிவிட்டால் பயணம் முழுக்கக் கரையையே பார்த்துக்கொண்டு வருவார்கள். வளைவுகளில் விளக்குக் கம்பங்களும் இருக்கும். திருப்பத்துக்கு அப்பால் கப்பல் கீழிறங்கி வருகிறதா என்று ஏறுகிற கப்பலுக்குச் சொல்லும் சமிக்ஞை அது. பெரிய சரக்குக் கப்பல்கள் அந்தக் குறுகலில் ஒன்றையொன்று கடப்பதைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம்.

வழியில் கௌப் ஊருக்கு எதிரே நதி நடுவில் கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை வரும், ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன். 14-ஆம் நூற்றாண்டில் போகிற வருகிற படகுகளிடம் வரி வாங்கவே கட்டிய சுங்கச்சாவடி. உள்ளே பார்க்கவேண்டும் என்றால் கௌப்பிலிருந்து சின்னப் படகு போகும், வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் குறைந்தாலும் சிக்கல்தான். 2018 அக்டோபரில் கௌப் அளவுகோலில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. கடும் வறட்சிக் கோடையிலோ மழை வெள்ளத்திலோ போகிறவர்கள் படகு ஓடுகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஃபெர்ரி வேறு விஷயம், அது கரை மாறுவதற்கு. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன் மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. பிங்கன் அருகே இருந்த ரயில் பாலம் 1945-இல் தகர்ந்தது, மறுபடி கட்டவில்லை. அதனால் உள்ளூர்க்காரர்களே ஃபெர்ரியில்தான் கடக்கிறார்கள். சாங்க்ட் கோவாருக்கும் எதிரே உள்ள சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனுக்கும் நடுவே ஓடுவது எனக்கு மிகவும் பிடித்தது. சில யூரோதான், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம், இந்தக் கரைக்கு வரும், ஏறிக்கொள்ளலாம். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் துறையில் எழுதியிருக்கும் பலகையில் பார்த்துவிட்டுப் போங்கள், விட்டுவிட்டால் நீந்தித்தான் வரவேண்டும்.

எந்த ஊரில் தங்குவது? பாகராக். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், 1368-இல் கட்டிய ஒரு வீடு இன்னும் உணவகமாக இருக்கிறது, மதில்மேல் நடக்கலாம், சாயங்காலம் படகுக்கூட்டம் போனபிறகு ஊர் ஊர்க்காரர்களுடையதாகிவிடும். மேலே ஷ்டாலெக் கோட்டை இளைஞர் விடுதியாக இருக்கிறது, நதியை அங்கிருந்து பார்ப்பதற்காகவே ஒரு இரவு தங்கலாம், ஆனால் ஏறுவதற்கு நல்ல முழங்கால் வேண்டும், பெட்டியோடு வருகிற வயதானவர்களுக்குச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு போப்பார்ட் நல்லது, சமதளம், நதியோரம் நீளமான நடைபாதை, மேலே போக நாற்காலி லிஃப்ட், ரோமானியர் காலத்துக் கோட்டைச் சுவர் தெருவோடு தெருவாக நிற்கிறது. சாங்க்ட் கோவாரில் ரைன்ஃபெல்ஸ் கோட்டை இடிபாடு ஒன்றுக்காகவே இறங்கலாம். 1245-இல் தொடங்கிய கோட்டையை 1790-களில் பிரெஞ்சுப் படை வெடிவைத்துத் தகர்த்தது. மராமத்து நடந்தால் சில பகுதிகளைப் பூட்டிவைப்பார்கள், கேட்டுவிட்டு ஏறுங்கள். ரூடஸ்ஹைமுக்கு ஒரு காபிக்கு மேல் நேரம் ஒதுக்கமாட்டேன்.

தூக்கம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு கரையிலும் ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில் ஓடும். ரோட்டர்டாமிலிருந்து இத்தாலிவரை போகும் சரக்குப் பாதை இதுதான். நதியைப் பார்த்த அறை என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கினால் தண்டவாளத்தையும் சேர்த்து வாங்கினதாகத்தான் அர்த்தம். சத்தத்தில் தூங்காதவர்கள் பின்பக்க அறை கேளுங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்குப் பயம் வேண்டாம். பீட்சா மாதிரி மெல்லியதாகச் சுடும் ஃப்ளாம்குகனைப் பன்றிக்கறி இல்லாமல் செய்யச் சொன்னால் செய்வார்கள், உருளைக்கிழங்கு அடை ஆப்பிள் மசியலோடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடி பூட்டியிருக்கும், சனிக்கிழமையே தண்ணீர், பழம், ரொட்டி வாங்கிவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச்வரை பல உணவகங்களும் மூடியிருக்கும், படகும் அரிது, அந்த மாதங்களில் நான் அனுப்பமாட்டேன்.

2026-இல் வலது கரை ரயில் பாதையைப் பல மாதம் மூடிப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள், கௌப் பக்கம் ரயிலில் போக நினைப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இடது கரையில் இறங்கி ஃபெர்ரியில் கடப்பது எப்படியும் நடக்கும். 2029-இல் இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஜெர்மனியின் தேசியத் தோட்டக் கண்காட்சி, அந்த வருடம் கோடையில் பாகராக்கில் அறை வேண்டுமானால் வெகு முன்னாலேயே பிடித்துவைக்கவேண்டியிருக்கும்.