போர்ச்சுகல் குடியுரிமைக் காலக் கணக்கை மாற்றக் ‘கூட்டு வழக்கு’ என்று சொல்லி ரூ. 2,40,000 வாங்கிக்கொண்டார்கள்: வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் செட்டிநாட்டுப் பெற்றோருக்கு எச்சரிக்கை

காரைக்குடி செக்காலைப் பகுதியில், ஒரு மாடியில் இயங்கும் வெளிநாட்டு விசா ஆலோசனை அலுவலகத்திலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறேன். இதை எழுதுவது 2025 நவம்பரில். நான்காவது முறையாக வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ரூ. 2,40,000 போய்விட்டது. அதைவிடப் பெரிதாக, என் மகனின் பிறப்புச் சான்றிதழ் உட்பட மூன்று அசல் ஆவணங்கள் அவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருப்பதால் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்கள் எப்படிப் பேசினார்கள், என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே வலையில் தேவகோட்டையிலும் கோட்டையூரிலும் இன்னும் சில குடும்பங்கள் இருப்பதாக அறிகிறேன்.

என் மகன் போர்ச்சுகல் நாட்டில், லிஸ்பன் நகரில், ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறான். 2020 செப்டம்பரில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தான். அட்டை அவன் கைக்கு வந்தது 2022 டிசம்பரில். இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டும் அவன் வேலை செய்தான், வரி கட்டினான், சமூகப் பாதுகாப்புத் தொகை கட்டினான். அட்டை மட்டும் வரவில்லை. அது அவன் ஒருவனுக்கு நேர்ந்ததல்ல. அங்கே குடியேற்றத்தைக் கவனித்துவந்த பழைய துறையை 2023 அக்டோபர் 29 அன்று கலைத்துவிட்டு ‘ஐமா’ என்ற புதிய முகமையிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது, தேங்கிக் கிடந்த கோப்புகள் ஏறக்குறைய நான்கு லட்சம் என்று அந்நாட்டு அரசே பின்னர் சொன்னது.

அந்நாட்டில் 2025இல் நடைமுறையில் இருந்த சட்டப்படி ஐந்து ஆண்டு சட்டபூர்வமாக வசித்தவர் குடியுரிமை கேட்கலாம். 2018க்கு முன்பு அது ஆறு ஆண்டாக இருந்தது. ஐந்து ஆண்டு என்பது எந்த நாளிலிருந்து என்பதுதான் கேள்வி. விண்ணப்பித்த நாளிலிருந்தா, அட்டை கொடுத்த நாளிலிருந்தா? அலுவலகம் தாமதித்த காலத்தை விண்ணப்பித்தவன் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று அங்கே குடியேறிய பல நாட்டு மக்களும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக 2024 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டு, ஏப்ரல் 1 முதல், அனுமதி கிடைத்தால் போதும், விண்ணப்பித்த நாளிலிருந்தே காலம் எண்ணப்படும் என்று ஆனது. நம் பக்கத்துக் கணக்கு வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும். பேரேட்டில் கணக்குப்பிள்ளை என்றைக்கு எழுதினார் என்பதிலிருந்தா வட்டி ஓடுகிறது? பணம் கைமாறிய நாளிலிருந்துதானே ஓடுகிறது.

இந்த நியாயத்தைத்தான் 2025 ஜூனில் புதிய அரசு திரும்பப் பெறப் போவதாக அறிவித்தது. ஐந்து ஆண்டு பத்தாகும், போர்ச்சுகீசிய மொழி பேசும் நாட்டவருக்கு மட்டும் ஏழு. காலம் அட்டை கொடுத்த நாளிலிருந்தே எண்ணப்படும். என் மகனைப் பொறுத்தவரை, பழைய கணக்கில் 2025 செப்டம்பரில் நிறைவடையும் காலம், புதிய கணக்கில் 2032 டிசம்பருக்குப் போகும். ஏழு ஆண்டு! அன்று இரவு அவன் தொலைபேசியில் பேசிய குரலை என்னால் மறக்க முடியவில்லை. “அப்பச்சி, ஓடி முடிக்கும்போது எல்லைக்கோட்டைத் தள்ளி வைக்கிறாங்க” என்றான்.

எங்கள் வீட்டில் இது புதிய காயமும் அல்ல. என் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் இருந்தவர். பர்மாவில் குடியுரிமைக்கு அவர் கொடுத்த மனு ஆண்டுக்கணக்கில் நிலுவையிலேயே கிடந்தது. 1964இல் கடைகள் தேசியமயமாக்கப்பட்டபோது, ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினார். அந்தப் பெட்டியில் மனுவின் நகல் இருந்தது. நான் சிறுவனாக அதை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘நிலுவை’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பதற்றம் வந்துவிடும். அந்தப் பதற்றத்தைத்தான் அவர்கள் விலைக்கு வாங்கினார்கள்.

ஜூலை மாதம் உறவினர் ஒருவர் என்னை ஒரு கைப்பேசிக் குழுவில் சேர்த்துவிட்டார். குடியுரிமைக் காலத்தை விண்ணப்ப நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று போராடும் தமிழர்களின் குழு என்று அதில் எழுதியிருந்தது. லிஸ்பன் நாடாளுமன்றத்தின் முன் பல நாட்டவர் பதாகை பிடித்து நிற்கும் படங்கள் தினமும் வந்தன. அந்தப் படங்கள் உண்மையானவை. என் மகனே அப்படி ஒரு கூட்டத்தில் போய் நின்றவன். உண்மையான போராட்டத்தின் படங்களைக் காட்டிப் பொய்யான வசூல் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குழுவின் செயலகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, நேரில் வந்து பேசலாம் என்று சொன்னதும் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியது.

ஜூலை 17 அன்று நானும் என் மனைவியும் போனோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, “நீங்க எந்தக் கோயில்ண்ணே?” என்று கேட்டார். எங்கள் சமூகத்தில் குலப்பிரிவைக் கோயிலின் பெயரால்தான் சொல்வோம். சொன்னேன். “அட, நானும் அதே கோயில்தான், நமக்குள்ள பங்காளி முறை” என்றார். அதற்கு மேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. நாற்பது ஆண்டு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், ஒரு பதிவு எண் கேட்கவில்லை, ஒரு வழக்கறிஞரின் பெயர் கேட்கவில்லை. அவர் சொன்ன கோயிலின் பெயர் எனக்குப் போதுமானதாக இருந்தது. என் மனைவியைப் பார்த்து, “ஆச்சி, இது நம்ம வீட்டுப் பிள்ளை காரியம். இனி நீங்க கவலைப்படாம தூங்கலாம்” என்றார். அவள் கண் கலங்கிவிட்டாள்.

அவர் விளக்கியது இது. உறுப்பினர்கள் அனைவரின் பெயரிலும் நாடாளுமன்றத்துக்கு ஒரு கூட்டு மனு போகும். சட்டம் நிறைவேறினால், அதே பெயர்ப் பட்டியலோடு அரசமைப்பு நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு போடப்படும். பட்டியலில் இருப்பவர்களுக்குப் பழைய கணக்கே செல்லும். ஒருவருக்கு ரூ. 1,20,000. மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து ரூ. 2,40,000. மருமகளின் காலக் கணக்கு வேறு, அவள் பின்னால்தான் போனாள் என்று நான் சொன்னபோது, “இப்பவே சேர்த்துட்டா பின்னால தனியாக் கட்ட வேண்டியதில்லைண்ணே” என்றார்.

ரூ. 2,40,000ஐ மூன்று தவணையாகக் கொடுத்தேன். ஜூலையில் ஒரு லட்சம், ஆகஸ்டில் ஒரு லட்சம், செப்டம்பரில் நாற்பதாயிரம். பணம் போன கணக்கு சங்கத்தின் பெயரிலோ அலுவலகத்தின் பெயரிலோ இல்லை, ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்தது. “சங்கப் பதிவு வர்ற வரைக்கும் இப்படித்தான்” என்றார்கள். அது எங்கள் வீட்டு மேற்கூரைக்காக வைத்திருந்த வைப்புத்தொகை. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு மாற்றி, ஓட்டைத் தாங்கும் வரிச்சு மாற்றி, ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று பங்காளிகளிடம் பேசி வைத்திருந்தேன். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. கூரை ஒழுகுவதால் தாழ்வாரத்தில் நான்கு இடத்தில் பாத்திரம் வைத்திருக்கிறோம்.

ஆனால் அவர்கள் செய்த மிகப் பெரிய கேடு பணத்தில் இல்லை. செப்டம்பரில் என் மகனுக்கு ஐந்து ஆண்டு நிறைந்துவிட்டது. அன்று நடைமுறையில் இருந்த சட்டப்படி, 250 யூரோ கட்டணத்தோடு அவன் தானே விண்ணப்பித்திருக்கலாம். மொழித்தேர்வில் ஏ2 நிலைச் சான்றிதழ் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. இதை நான் அவர்களிடம் சொன்னபோது, “தனியா விண்ணப்பம் போட்டா கூட்டு வழக்கிலிருந்து பேர் போயிடும்ண்ணே, பொறுங்க” என்று தடுத்தார்கள். ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக இங்கே இடும் அப்போஸ்டில் முத்திரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நாங்களே அனுப்புகிறோம் என்று சொல்லி, காரைக்குடி நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், காவல்துறைச் சான்றிதழ் மூன்றையும் அசலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் அவர்கள் பேச்சை மகனுக்குச் சொல்லி, அவனையும் பொறுக்க வைத்தேன். இரண்டு மாதம் வீணாகப் போனது என் வார்த்தையால்.

அக்டோபர் 28 அன்று அங்கே நாடாளுமன்றம் அந்த மசோதாவை நிறைவேற்றியது. மறுநாள் குழுவில், அவசர வழக்குச் செலவுக்கு ஆளுக்கு இன்னும் ரூ. 60,000 உடனே கட்ட வேண்டும் என்று செய்தி வந்தது. மகன் மனு எண்ணைக் கேட்டான். பதில் இல்லை. வழக்கு எண்ணைக் கேட்டான். இரண்டு நாள் கழித்து ஒரு தாளின் படம் வந்தது, பெயரும் தேதியும் மறைக்கப்பட்டிருந்தன. அதை எடுத்துக்கொண்டு லிஸ்பனில் ஒரு வழக்கறிஞரிடம் போனான். அது யாரோ ஒருவர் தன் வட்டார மன்ற அலுவலகத்தில் முகவரிச் சான்று கேட்டதற்கான ஒப்புகைச் சீட்டு என்று அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன மற்றவை இன்னும் கொதிக்க வைக்கின்றன. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கான மனுவில், அதன் இணையதளத்திலேயே, அங்கு வசிக்கும் வெளிநாட்டவரும் தங்கள் உரிமைக்காகக் கையொப்பம் இடலாம். அதற்கு ஒரு காசும் கிடையாது. 7,500க்கு மேல் கையொப்பம் சேர்ந்தால் முழு அவையில் விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்பது சட்டம். என் மகன் உணவகத்தில் உடன் வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து அப்படி ஒரு மனுவில் இலவசமாகவே கையொப்பமிட்டிருக்கிறான். எங்கள் காசில் போகும் மனு வேறு என்று நினைத்திருந்தான். அடுத்தது அரசமைப்பு நீதிமன்றம். சட்டம் நடைமுறைக்கு வருமுன் இத்தகைய மசோதாவை அங்கே அனுப்பக்கூடியவர்கள் குடியரசுத் தலைவர், பிரதமர், அல்லது நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது 230 பேரில் 46 பேர். தனிமனிதர் யாரும் அனுப்ப முடியாது. 2025 நவம்பரில் சோஷலிஸ்ட் கட்சி உறுப்பினர்கள் அதை அனுப்பியும் இருக்கிறார்கள். அந்தச் செய்தியைக்கூட இந்த ஆட்கள் “நம்ம வழக்கு போயாச்சு” என்று குழுவில் போட்டுக்கொண்டார்கள். மனு எண்ணைக் கேட்டுவந்த என் மகனையும் என்னையும், அந்தச் செய்தி போட்ட அன்றே, குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நேரில் போனேன். முதல் முறை, “சார் சென்னை போயிருக்காங்க.” இரண்டாம் முறை, லிஸ்பனில் விடுமுறையாம். மூன்றாம் முறை, கணக்குத் தணிக்கை நடக்கிறதாம். இன்று அவரே இருந்தார். அண்ணே என்ற சொல் காணாமல் போயிருந்தது. “நீங்க கொடுத்தது உறுப்பினர் நன்கொடை சார், ரசீதுல பாருங்க, திரும்பத் தர்றது கிடையாது” என்றார். பார்த்தேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஆவணங்களையாவது கொடுங்கள் என்றேன். கூரியரில் இருக்கிறது என்றார். எந்தக் கூரியர், ரசீது எண் என்ன என்றேன். அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். அந்த அடுத்த ஆள் பள்ளத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. மடியில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். படியிறங்கிக் காத்திருந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒரு லட்சம் கட்டியிருந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எந்த நாட்டுச் சட்டத்தை மாற்றும் போராட்டமானாலும், கையொப்பத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கறிஞர் பெயரைக் கேட்டு வாங்கி, அந்நாட்டு வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் உங்கள் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள்; போர்ச்சுகலில் அது எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. தனிமனிதர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அசல் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். தகுதி வந்துவிட்டதென்றால் யாருக்காகவும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட விடாதீர்கள். இணையவழியில் பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள். நான் தாமதித்துத்தான் அழைத்தேன்.

ரூ. 2,40,000க்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். மகன் அந்த லிஸ்பன் வழக்கறிஞர் மூலமாகவே, பழைய சட்டம் செல்லுபடியாகும்போதே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நாளைக் காலை, முன்பு நகராட்சியாக இருந்து இப்போது மாநகராட்சியாகியிருக்கும் காரைக்குடி அலுவலகத்தில் மறுபடி கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன். அங்கிருந்து நேரே, ஐந்தாவது முறையாக, அந்த மாடிக்குப் போகிறேன். பள்ளத்தூர் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அலுவலகத்தில் பணம் கட்டிய வேறு யாராவது இதைப் படித்தால், ரசீதை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வாருங்கள்.