மேற்கு மாம்பலத்து லேப்: ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவரை நேரில் பார்க்கலாம்

மேற்கு மாம்பலத்தில் மாடியொன்றில் இயங்கும் இந்தச் சிறிய பரிசோதனை நிலையத்தின் வரவேற்பறையில், தள்ளுபடி விளம்பரங்கள் தொங்க வேண்டிய சுவரில், மருத்துவரின் எம்.பி.பி.எஸ்., எம்.டி. பேத்தாலஜி (செல், திசு, ரத்தத்தை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் துறை) பட்டங்களும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவுச் சான்றிதழும் மாட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பதிவு எண்ணே ரிப்போர்ட்டின் அடியிலும் இருக்கிறது.

ரிப்போர்ட் தருபவர் லேப் டெக்னீஷியன்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ரத்தம் எடுப்பதும் கருவியை இயக்குவதும் டி.எம்.எல்.டி. போன்ற படிப்பை முடித்த டெக்னீஷியனின் பணி. பேத்தாலஜிஸ்ட், பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். படித்து, முதுநிலை நீட் எழுதி, அதன்பின் 3 ஆண்டுகள் எம்.டி. முடித்த மருத்துவர். அந்த 3 ஆண்டுகளில், அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) வரும் உறுப்பை அளந்து எந்த இடத்தில் துண்டெடுப்பது என்று முடிவுசெய்வதிலிருந்து, ரத்தப் புற்றுநோய்ச் செல்லை மைக்ராஸ்கோப்பில் அடையாளம் காண்பது வரை பழகியவர். பரிசோதனை முடிவுகளில் பேத்தாலஜி முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியது. ஆயினும் கையெழுத்து மட்டும் ஸ்கேன் செய்து ஒட்டப்பட்ட ரிப்போர்ட்டுகள் என் கோப்பிலேயே இருக்கின்றன.

என் தாயாரின் தைராய்டு கட்டிக்கு வேறோர் இடத்தில் ஊசிப் பரிசோதனை செய்தபோது, செல்கள் போதவில்லை என்று சில நாட்கள் கழித்து ரிப்போர்ட் வந்தது. இங்கே மருத்துவரே ஊசியைப் பிடித்தார். “அம்மா, கொஞ்ச நேரம் எச்சில் முழுங்காம இருங்க” என்றவர், எடுத்ததை ஸ்லைடுகளில் இழுத்து, சிலவற்றை உடனே ஆல்கஹாலில் போட்டார். மற்றவற்றைக் காற்றில் உலரவிட்டு, அவற்றுள் ஒன்றுக்கு அங்கேயே சாயமேற்றிப் பார்த்து, செல்கள் போதுமான அளவு இருப்பதை உறுதிசெய்த பிறகே எங்களை அனுப்பினார். மேசையில் மைக்ராஸ்கோப் இருப்பது பெரிதல்ல, அதில் கண் வைப்பவர் நோயாளிக்கு எதிரிலேயே இருப்பதுதான் பெரிது. ரிப்போர்ட்டில் ‘பெதஸ்டா வகை 2’, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி, என்று தெளிவாக இருந்தது. எங்கள் சர்ஜன் மறுகேள்வி கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. லிஃப்ட் இல்லை, மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தப் படிக்கட்டு சோதனைதான். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. சர்க்கரை, கொழுப்பு போன்ற வழக்கமான சோதனைகளுக்குப் பெரிய சங்கிலி லேப்களைவிடக் கட்டணம் சற்று அதிகம். அவற்றுக்காக மட்டும் இங்கே வரச் சொல்ல மாட்டேன். பயாப்சி, ஊசிப் பரிசோதனை என்றால் தயங்காமல் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் இருப்பதில்லை என்பதால், வார நாளொன்றில் முன்பதிவு செய்துகொண்டு, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஊசியைக் கையில் எடுக்குமுன் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.