மொட்டைமாடித் தொட்டிக்கு எது: செண்டுமல்லியா, வாடாமல்லியா?

விதை போட்டுப் பூச்செடி வளர்க்க ஆசை, ஆனால் தினமும் மெனக்கெட முடியாது என்பவர்கள் முதலில் வாங்குவது செண்டுமல்லி விதைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயில் கொளுத்தும் மாடிக்கு என் ஓட்டு வாடாமல்லிக்கே.

முளைப்பில் மட்டும் செண்டுமல்லி முந்திக்கொள்ளும். விதையைத் தூவி லேசாக மண் மூடினால் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். பூஜை முடிந்து காய்ந்த மாலையைப் பிய்த்துப் போட்டாலும் சில நேரம் முளைப்பதுண்டு. வாடாமல்லி விதை பஞ்சு உறைக்குள் இருப்பதால் இரண்டு வாரம்கூட இழுக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் விதைத்தால் கொஞ்சம் சீராக வரும். பொறுமை தேவைப்படுவது இந்த ஒரு கட்டத்தில்தான்.

நாற்று பிடித்த பிறகு கதை தலைகீழ். செண்டுமல்லியில் உயர ரகம் என்றால் நுனி கிள்ள வேண்டும், பூ கனத்துச் சாயும்போது குச்சி கட்ட வேண்டும், வதங்கியதைப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வந்துவிட்டால் செடி வெளிறிப்போகும். ஐப்பசி அடைமழையில் அடர்ந்த பூவுக்குள் தண்ணீர் தேங்கி அழுகும். இவ்வளவு வேலை வாங்கும் செடியை ‘சும்மா வளரும்’ என்று எப்படித்தான் சொல்கிறார்களோ!

வாடாமல்லிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. நாம் பூ என்று பார்க்கும் அந்த உருண்டையில் நிறம் தருவது இதழ்கள் இல்லை, காகிதம் போன்ற செதில்கள். நிஜப் பூ அதன் இடுக்கில் பொடிசாக எட்டிப்பார்க்கும். செதிலில் ஈரம் குறைவு என்பதால் செடியிலேயே பல வாரம் நிறம் மங்காமல் நிற்கும், பறித்துக் காயவைத்தாலும் அப்படியே இருக்கும். வளர்ந்த செடி ஒருநாள் தண்ணீர் தவறினால் கோபித்துக்கொள்ளாது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகிவிடும், அடித்துளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கான விதையிலும் வாடாமல்லிக்கே லாபம். காய்ந்த உருண்டையை உதிர்த்து வைத்தால் போதும். கடையில் விற்கும் கலப்பின செண்டுமல்லியின் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி போலவே பூக்கும் என்று நம்ப முடியாது.

அதற்காகச் செண்டுமல்லியை ஒதுக்கிவிட முடியாது. வாசலுக்கும் பூஜைக்கும் கூடை நிறையப் பூ வேண்டுமென்றால் அதுதான். வாடாமல்லியில் வாசனையும் இல்லை, நிற வகையும் குறைவு. காய்கறிப் பாத்தியில் வேர் முடிச்சு நூற்புழு தொல்லை இருந்தால் செண்டுமல்லியை முதலில் நெருக்கமாக நட்டு வளர்த்துவிட்டு, அப்புறம் அதே இடத்தில் தக்காளி போடலாம். அதன் வேரில் இருக்கும் ஒரு பொருள் புழுவைக் கட்டுப்படுத்தும். ஓரத்தில் பேருக்கு ஒரு செடி வைப்பதால் பெரிய பலன் இருக்காது.

மற்றவற்றில், தரையில் இடம் இருப்பவர்களுக்கு மஞ்சள் காஸ்மாஸ் நல்ல தேர்வு. உரம் போடாதீர்கள்; போட்டால் இலைதான் பெருகும். தானே விதை உதிர்த்து முளைத்துக்கொள்ளும். காசித்தும்பையும் அப்படித்தான், முற்றிய காயைத் தொட்டாலே வெடித்துச் சிதறும். ஆனால் தண்ணீர் நிறையக் கேட்கும், உச்சி வெயிலில் துவண்டுவிடும். குழாயடி ஓரத்து அரை நிழலுக்குச் சரி. ஜினியா அழகுதான், ஆனால் காற்றோட்டம் குறைந்து ஈரம் கூடினால் இலையில் சாம்பல் நோய் பிடிக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2016 ஜனவரியில் பூத்த ஜினியாவுக்குக்கூட, அதற்கு முந்தைய மாதம் ஈரம் அதிகமாகிப் பூஞ்சை வந்தது!

ஆயுதபூஜைக்குப் பூ வேண்டுமென்றால் ஆடி பிறந்ததுமே விதைத்துவிடுங்கள். வாடாமல்லியை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது.