தமிழ் பேசினார் என்று பெல்லட் வாங்கினேன்

டெல்லியில் பிள்ளைகளை ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு அனுப்பும் நம்மவர்கள் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். "ஜெர்மன் மேட்ச் பெல்லட், கடை விலையைவிடக் கம்மி" என்று, அந்தத் துப்பாக்கியில் போட்டுச் சுடும் போட்டித்தர ஈயக் குண்டை விற்க ஒருவர் வாட்ஸ்அப்பில் வருவார், தேனாகத் தமிழ் பேசுவார். வாங்காதீர்கள். நான் 10 டப்பா வாங்கினேன், 11,000 ரூபாய் போச்சு. காசைவிட, மகளுக்கு ஒன்றரை மாதப் பயிற்சி வீணானதுதான் தாங்க முடியவில்லை.

மகள் பத்தாவது படிக்கிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுடுவதை டிவியில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது. வாரத்தில் நாலு நாள், நாளுக்கு நூறு ரவுண்டாவது சுடுவாள். ஒரு டப்பாவில் 500 பெல்லட், அப்படியானால் மாதத்துக்கு மூணு நாலு டப்பா. நான் வாங்கியபோது இறக்குமதிச் சரக்குக்குக் கடையில் 1,500 சொன்னார்கள். என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனிடம் ஒருவர் போனில் "சார், நீங்க தமிழா?" என்று ஆரம்பித்து, தானும் கும்பகோணம் பக்கம்தான், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் உங்களைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, 1,100க்குத் தருகிறேன் என்றால் என்ன செய்வேன்? பில் கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "லைசென்ஸ் வேண்டாத ஐட்டம் சார், இதுக்கு எதுக்கு பில்?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

முதல் டப்பா பிரித்த வாரமே ஸ்கோர் இறங்கியது. அறுபது ரவுண்டுக்கு 612, 614 என்று போட்டுக்கொண்டிருந்தவள் 598க்கு வந்தாள், அப்புறம் 591. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் குறி அட்டையில் நடுவிலுள்ள பத்தாம் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர், ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர்தான், அதில் கை லேசாக அசைந்தாலே போய்விடும் என்பதால் எல்லோரும் அவளைத்தான் சந்தேகப்பட்டோம். கோச் நிற்கும் முறையை மாற்றினார். நான் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், பார்வையில் ஒரு குறையும் இல்லை. என் மனைவி, ராத்திரி போனை நோண்டுவதால்தான் என்று போனைப் பிடுங்கி வைத்தாள். குழந்தை ரேஞ்சிலிருந்து வரும்போதே அழுதுகொண்டு வருவாள். பெல்லட்டைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை, டப்பாவில் ஜெர்மன் லேபிள் இருக்கிறதே!

கண்டுபிடித்தவர் ரேஞ்சுக்கு வரும் ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரர், வேலூர்ப் பக்கத்துக்காரர். ஒரு பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "என்ன தம்பி இது, மீன் வலையில கட்டுற ஈயக் குண்டா?" என்றார். பெல்லட் என்பது உடுக்கை மாதிரி, நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் பாவாடையாக விரிந்து உள்ளே குழிவாக இருக்கும். அந்த இடுப்பின் இரண்டு பக்கமும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடியது. நல்ல மேட்ச் பெல்லட்டை ஈயக் கம்பியைத் துண்டு போட்டு அச்சில் அழுத்தி எடுப்பார்கள், அதில் இப்படிக் கோடு பெரும்பாலும் தெரியாது. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து உருக்கிய ஈயத்தை ஊற்றினால் அது வரும். சிலதில் காற்றுக் குமிழ் விட்ட சின்னப் பள்ளம்கூட இருந்தது. அடுத்து நகத்தால் கீறச் சொன்னார். மகளின் பையில் மிச்சமிருந்த பழைய பெல்லட்டில் நகம் பதிந்தது, இதில் வழுக்கிக்கொண்டு போனது. பேட்டரி ஈயமாக இருக்கும் என்றார். ஆன்டிமனி கலந்தால் ஈயம் கெட்டிப்பட்டுவிடும். அப்போது பின்னாலிருந்து வரும் காற்று அந்தப் பாவாடையை விரித்து பேரலின், அதாவது துப்பாக்கிக் குழாயின், வரிப்பள்ளங்களில் சரியாகப் பிடிக்க வைக்காது.

சரி, கையால் சுட்டால் சந்தேகம் இருக்கும் என்று துப்பாக்கியைத் துணி சுற்றி, பட்டறையில் இருக்கும் இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பிடித்துவைத்து ஐந்து ஐந்தாகச் சுட்டார்கள். பழைய பெல்லட் ஐந்தும் மிளகளவு ஓட்டை ஒன்றில் போயின. என் ஜெர்மன் சரக்கு சட்டைப் பொத்தான் அளவுக்குப் பரவியது. மகள் அந்த இரண்டு அட்டைகளையும் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே தெரிந்த நகைக்கடைக்கு இருபது பெல்லட்டை எடுத்துப்போனேன். தங்கம் நிறுக்கும் தராசில் காரீயத்தை வைக்கிறேனே என்று அவர் ஒரு பார்வை பார்த்தார், ஆனாலும் நிறுத்துக் கொடுத்தார். ரைஃபிள் பெல்லட் 0.53 கிராம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. வந்தது 0.49, 0.56, 0.51, ஒன்று 0.46. டப்பா மட்டும் அசல்தான், காலி டப்பாவைப் பொறுக்கி நிரப்பியிருக்கிறார்கள். மூடியைச் சுற்றிய டேப்புக்குக் கீழே பழைய டேப்பின் பிசின் வட்டமாக ஒட்டியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். மேலே வைத்திருந்த ஸ்பாஞ்சு வேறு ஏதோ பொட்டலத்திலிருந்து வெட்டியது போல ஓரம் பிசிறாக இருந்தது.

நீங்கள் வாங்கும்போது ஒரு கண்ணாடித் துண்டில் பெல்லட்டை உருட்டிப் பாருங்கள். நல்லது வட்டம் போட்டு ஓடும், பாவாடை நெளிந்தது தத்தித் தத்திப் போகும். இதற்குக் காசு செலவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள், அது நல்ல பெல்லட்டுக்கும் சேர்த்துத்தான், ஈயம் ஈயம்தானே.

பெல்லட் விற்றவருக்குப் போன் செய்தேன். "உங்க பொண்ணு சரியா சுடலேன்னா நான் என்ன சார் பண்றது?" என்றார், அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார். பணம் போன யூபிஐ கணக்கு வேறு யாரோ பெயரில் இருக்கிறது, அதையும் நான் அப்போது பார்க்கவில்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பிரிக்காத மிச்ச டப்பாக்கள் பால்கனியில் அப்படியே இருக்கின்றன, போலீஸ் கேட்டால் காட்டலாம் என்று.

நேற்று மயூர் விஹாரிலிருந்து ஒரு பையனின் அப்பா கூப்பிட்டார், யாரோ என் நம்பரைக் கொடுத்தார்களாம். அவரும் எட்டு டப்பா வாங்கியிருக்கிறார். அவரிடம் மட்டும் கும்பகோணம் இல்லை, திருநெல்வேலி.