உப்புக்காற்றில் ஸ்ட்ராட்: புதுச்சேரியில் பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும். அந்தக் காற்றில் எலக்ட்ரிக் கிதார் தாங்குமா? ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை நன்றாகவே தாங்கும். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள்), ஸ்பிரிங் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பகுதி), 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ள மாடல் அது.

தாங்குவதற்குக் காரணம் அதைச் செய்தவரின் தொழில். ஸ்ட்ராட் வந்தது 1954இல். அதைச் செய்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்காரர், கிதார் வாசிக்கத் தெரியாதவர். நெக்கைக்கூட (கிதாரின் கழுத்து) ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் முடுக்கிவிட்டார். எந்தப் பாகம் போனாலும் கழற்றி மாற்றலாம். கடலோரத்தில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

முதலில் போவது ஸ்ட்ரிங். அதிலும் சுற்றுக்கம்பி இல்லாத முதல் மூன்றும் முந்திக்கொண்டு துருப்பிடிக்கும். துருவேறிய கம்பியை இழுத்து வளைத்தால் ஃப்ரெட்டையும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அரம் மாதிரி ராவிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் கொடுத்துத் துடைக்க வேண்டும். மேலாகத் துடைத்தால் பாதி வேலைதான். கோட்டிங் உள்ள செட் விலை கூடுதல், ஆனால் இந்த ஊரில் அது வீண்செலவு இல்லை. கமகம் வாசிக்கிறவர்களுக்கு 9-42 செட் (0.009 முதல் 0.042 அங்குலம் வரை தடிமன் உள்ள மெல்லிய கம்பிகள்) விரலுக்கு இதம். ஒரே மீட்டலில் நாதம் நீண்டு நிற்பதால் கம்பியை இழுத்தே அடுத்த ஸ்வரத்துக்குப் போகலாம். கிதார் பிரசன்னா கர்நாடக இசையையே இந்த வாத்தியத்தில் வாசிக்கிறார்.

பலர் கவனிக்காத இடம் சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சிறு துண்டு) உள்ள பொடி ஸ்க்ரூக்கள். உப்பு படிந்து இறுகிய பிறகு ஆலன் கீயைத் திருகினால் அறுகோணக் குழி வட்டமாகிவிடும். அப்புறம் சேடிலையே மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொன்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, ஊசிமுனையால். எண்ணெய் பிக்கப் பக்கம் வழியக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நெக் அசையும். எந்தப் பக்கம் வளையும் என்பது நெக்குக்கு நெக் மாறும், அளந்துதான் பார்க்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் ஆறாவது கம்பியை அழுத்தினால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று. மறுநாள் திரும்ப அளக்கவும். ஒரே மூச்சில் முறுக்கினால் ராடு போய்விடும்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறுமின்தடை) அழுக்காகியிருக்கிறது. முன் தகட்டைத் தூக்கி, எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனரைப் பாட்டின் சிறு திறப்பில் அடித்து, இருபது முப்பது தடவை முழுவதுமாகச் சுழற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் 250 கிலோ ஓம் பாட் வாங்கிப் பற்றவைக்கலாம்.

உண்மையான குறை 'உம்ம்' இரைச்சல். சிங்கிள் காயில் ஆன்டெனா போல வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் மின்காந்தப் புலத்தை வாங்கும். உள்குழியில் செப்புத்தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் குறையும், முழுசாகப் போகாது. நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் பிக்கப் மாற்றும் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் அடங்கும். இரைச்சலே ஆகாதென்றால் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிதார் வாங்குங்கள். ஸ்ட்ராட்டின் மணிச்சத்தம் அதில் வராது.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வயரிங் சரி. தொட்டதும் 'சுர்'ரென்றால் உடனே ஆம்பின் (கிதாரின் ஒலிபெருக்கி) பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஆம்பையும் வீட்டு எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி மேடையேறுவதும், அதோடு மைக்கில் உதடு படப் பாடுவதும் உயிருக்கே ஆபத்து.