ஒரே வேதாகமம், இரண்டு பிரசங்க மேடைகள்

அமெரிக்காவுக்கு வெளியே வாழும் கிறிஸ்தவனாக, அந்நாட்டின் இரண்டு பாப்டிஸ்ட் சபைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

வர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்க்கில் ஜெர்ரி ஃபால்வெல் நடத்தியது ஒன்று. போதகர்களின் வேலை ஆத்தும ஆதாயமே, அரசியல் அல்ல என்று 1965-இல் பிரசங்கித்தவர், 1979-இல் 'மாரல் மெஜாரிட்டி' என்னும் பழமைவாதக் கிறிஸ்தவ அரசியல் இயக்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகனுடைய வெற்றிக்காக அது உழைத்தது. கருக்கலைப்பை அவர்கள் எதிர்த்தது மனசாட்சியால்தான் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால், ஒரு கட்சியோடு இவ்வளவு நெருங்கிவிட்ட சபை, அக்கட்சி தவறும்போது எந்த வாயால் கண்டிக்கும்?

மற்றது அட்லாண்டாவின் எபெனேசர் சபை. மார்ட்டின் லூதர் கிங் தன் தந்தையோடு சேர்ந்து ஊழியம் செய்த இடம். 1963-இல், இனப்பாகுபாட்டுக்கு எதிரான போராட்டத்தில் பொறுத்திருக்கச் சொன்ன வெள்ளையின மதகுருமார்களுக்கு பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் பதில் எழுதினார். ஆமோஸ் தீர்க்கதரிசியின் நியாயம் அதில் கொதிக்கிறது. அதைவிட என்னை அசைப்பது 1967. இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்திலும் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி ஜான்சன். அவருடைய வியட்நாம் போரையே கிங் வெளிப்படையாகக் கண்டித்தார். வெள்ளை மாளிகையின் நட்பு போனது. பத்திரிகைகளும் அவரைச் சாடின.

என் மனம் இந்த இரண்டாவது மேடையின் பக்கமே. எனினும், இன்று அதன் போதகர் ரஃபேல் வார்னாக் ஜனநாயகக் கட்சியின் செனட்டர். ஃபால்வெல்லிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்கவே வேண்டும்.