விடுமுறை நாள் பிரெஞ்சு விருந்து: ஹோட்டல் பஃபேயா, பிஸ்த்ரோவா, பேக்கரியா?

பொது விடுமுறையன்று குடும்பத்தோடு பிரெஞ்சு உணவகத்துக்குச் சென்று, பசியாறலையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய பிரன்ச்சை ஆற அமர உண்ண விரும்புவோருக்குச் சிங்கப்பூரில் பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: ஐந்து நட்சத்திர ஹோட்டலின் பஃபே, பட்டியலைப் பார்த்துச் சொல்லி வரவழைக்கும் பிஸ்த்ரோ என்னும் சிறிய உணவகம், தியோங் பாரு பேக்கரி போன்ற ரொட்டிக்கடை. சைவர்களும் அசைவர்களும் ஒரே மேசையில் அமரும், மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் நம் குடும்பங்களுக்கு இவற்றுள் பிஸ்த்ரோவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஹோட்டல் பஃபேயின் கட்டணம், பனிக்கட்டியின்மேல் அடுக்கிய சிப்பிகளையும் சிங்கி இறாலையும், அளவின்றி ஊற்றப்படும் ஷாம்பெயினையும் கணக்கில் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. அவற்றைத் தொடாதவர், பக்கத்து மேசைக்காரர் உண்பதற்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார். மது சேராத தனிக் கட்டணம் பல இடங்களில் உண்டு என்பதால் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது. விலைக்குப் பின்னால் உள்ள இரண்டு கூட்டல் குறிகளையும் மறக்கலாகாது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகையின்மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று ஏறி, 100 வெள்ளி 119 வெள்ளி 90 காசாகிவிடும். நான்கு பெரியவர்கள் சென்றால் ஏறத்தாழ 80 வெள்ளி கூடுதல். இதைவிட என்னை உறுத்துவது, பன்றித் தொடைக்கறியை எடுத்த இடுக்கியாலேயே அடுத்தவர் பாலாடைக்கட்டியை எடுப்பதைப் பார்த்தபின் சைவம் உண்ணும் பாட்டி வெறும் பழத்தோடு எழுந்துவிடுவதுதான்.

பிஸ்த்ரோவில் கேள்வி கேட்க முடியும். பிரெஞ்சுச் சமையலில் கேட்டே ஆகவேண்டியவை பல. வெங்காய சூப் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில் கொதிப்பது. முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுடும் கீஷ் லொரேனில் பன்றி இறைச்சித் துண்டுகளும், பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் சாண்ட்விச்சான க்ரோக் மொஸ்யூவில் பன்றித் தொடைக்கறியும் உண்டு. கொம்தே, ரோக்ஃபோர் போன்ற பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பது கன்று போன்ற இளம் விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி என்பதால், முழுச் சைவர்கள் அவற்றையும் தவிர்ப்பார்கள். பிரிட்டனி வட்டாரத்தின் காலெத் என்னும், பக்வீட் தானிய மாவில் செய்யும் அப்பம் இங்கே பெரிய துணை: நம் தோசையைப் போல மெல்லியதாக வார்த்து ஓரங்களை மடித்துத் தரும் அதில், இறைச்சிக்குப் பதிலாகக் காளானும் கீரையும் வைக்கச் சொல்லலாம். முட்டை உண்பவர்கள் ஆம்லெட்டையும் விடக்கூடாது. வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுச் சிவக்கச் சுட்டே பழகிய நமக்கு, வெண்ணெயில் ஒரு துளி கருகலும் இல்லாமல் வெளிர்மஞ்சளாகச் சுருட்டி, கத்தி பட்டதும் உள்ளிருந்து குழைவாகக் கசியும் அந்த ஆம்லெட் முற்றிலும் வேறொரு உணவு. நேரே அடுப்பிலிருந்து தட்டுக்கு வந்தால்தான் அந்தப் பக்குவம் நிற்கும்.

ரொட்டிக்கடையில் செலவு குறைவு. குரோசோனும் அங்கேதான் சிறப்பு. வெண்ணெயை உள்ளே வைத்த மாவை மூன்று முறை மும்மடிப்பாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் உருவாகின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் அதன் மொறுமொறுப்பு விரைவில் தளர்ந்துவிடுவதால், காலையிலேயே போய்விட வேண்டும். ஆனால் விடுமுறை நாள் கூட்டத்தில், இடத்துக்காகக் காத்து நிற்பவர்களின் பார்வைக்கு நடுவே நிதானமாகப் பேசிக்கொண்டு உண்பது கடினம்.

கடலுணவுப் பிரியர்களே நிறைந்த குடும்பமாக இருந்தால், அல்லது சக்கர நாற்காலியில் வரும் பெரியவருக்குத் தாராளமான இடம் வேண்டுமென்றால், ஹோட்டலையே தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் பிஸ்த்ரோவை முன்பதிவு செய்யும்போதே இரண்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: யார் யார் எதை உண்ணமாட்டார்கள் என்று சொல்லிவிடுவது ஒன்று, அன்று வழக்கமான பட்டியல் உண்டா, விடுமுறைக்கென வகுத்த தொகுப்பு உணவு மட்டும்தானா என்று கேட்பது மற்றொன்று. தொகுப்பு உணவு மட்டுமே என்றால், நான் பிஸ்த்ரோவைப் பரிந்துரைப்பதற்கான காரணமே இல்லாமல் போய்விடும். வேறு நாளுக்குப் பதிவு செய்யுங்கள்.